மா: ஒரே எழுத்து, ஊருக்கொரு பொருள்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்த தோழி ஒருத்தி, ரொட்டி சுட்டுத் தருகிறேன் என்று மளிகைக் கடைக்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். "அண்ணை, ஒரு கிலோ கோதுமை மா தாங்கோ" என்றாள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "கோதுமை மாவுங்க" என்றேன். ஆட்டா பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தவள் முகம் சுருங்கிவிட்டது. "இது ஆட்டா மா எல்லோ!" அவள் ஊரில் கோதுமை மா என்றால் வெள்ளை வெளேரென்று இருக்கும், நாம் மைதா என்கிறோமே, ஏறக்குறைய அது. தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே நின்று நான் செய்த மொழிபெயர்ப்பில் ரொட்டி கெட்டது.

அந்த வாரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "தமிழில் மா என்றால் குதிரை. சீன மொழியிலும் மா என்றால் குதிரை. ஆகவே சீனர்களுக்குக் குதிரையைச் சொல்லிக்கொடுத்தது தமிழர்களே!" கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். முதல் இரண்டு வாக்கியங்களும் சரிதான். அந்த 'ஆகவே'யில்தான் இடிக்கிறது. ஒரு குட்டிச் சொல் எப்படி இத்தனை மொழிகளில், இத்தனை பொருளோடு உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், அது ஏன் இடிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நம் வீட்டு மா. ஒரே எழுத்து தனியாக நின்று பொருள் தந்தால் அதற்கு ஓரெழுத்தொருமொழி என்று பெயர். தமிழில் இப்படி 42 இருப்பதாக நன்னூல் கணக்குச் சொல்கிறது. அவற்றில் 40 நெடில். குறில் இரண்டே இரண்டு, 'நொ'வும் 'து'வும். மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. நீங்கள் 'ம' என்று குறுக்கிச் சொன்னால் தமிழில் அது ஒலி மட்டும்தான். இன்னொரு மாத்திரை நீட்டி 'மா' என்றால் சொல்லாகிவிடுகிறது.

எத்தனை சொல்? மாமரம் ஒன்று. விலங்கு ஒன்று: "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்று தொல்காப்பியம் சொல்வது இந்த மாவைத்தான். விலங்கைக் குறித்த இதே சொல், போரும் தேரும் வருகிற பாட்டுகளில் பெரும்பாலும் குதிரையாகிவிடும். மாநகர், மாபெரும் என்பதில் உள்ள மா பெரியது. பழைய பாட்டுகளில் கருமையும் உண்டு. இலங்கையில் இன்றும் அரைத்த தூளுக்கு மா. அங்கே பால்பவுடரைப் பால்மா என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

அப்புறம் ஒரு கணக்கு மா இருக்கிறது. பள்ளியில் நமக்குச் சொல்லித்தராமல் விட்டது. தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்றால் 1/20. இருமா 1/10, நாலுமா 1/5. தஞ்சைப் பக்கத்தில் நிலத்தை அளந்த பேரளவு வேலி. வேலியில் இருபதில் ஒரு பங்கு எதுவோ அதுவும் மா. ஒரு மாவுக்கு 100 குழி. இன்றைய கணக்கில் சுமார் 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். டெல்டாவில் வயசானவர்கள் இன்னும் "நமக்கு மூணு மா இருக்கு" என்று சொல்லக் கேட்கலாம். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (184) "மாநிறைவு இல்லதும்" என்று வருவது இந்த மாதான். ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லைக்கூட அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு வரும். யானையே வயலில் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம் என்று ராஜாவுக்கு வரிவசூல் பாடம் நடத்துகிறார்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1/20 என்ற மாவும் நிலத்து மாவும் ஒரே சொல். ஒரு பொருள் நீண்டு இன்னொரு பொருளாகியிருக்கிறது. விலங்கு குதிரையானதும் அப்படித்தான். மாமரமும் 1/20-உம் அப்படி இல்லை. அவை ஒரே உருவத்தில் தற்செயலாக வந்து நிற்கும் இரண்டு சொற்கள். 'திங்கள்' என்பது நிலவாகவும் மாதமாகவும் இருப்பது முதல் வகை. 'ஆறு' என்பது நதியாகவும் எண்ணாகவும் இருப்பது இரண்டாம் வகை. மொழியியலில் பாதிச் சண்டை, கையிலிருக்கும் சொல் முதல் வகையா இரண்டாம் வகையா என்பதில்தான்.

சரி, இவ்வளவு பொருளை வைத்துக்கொண்டு எப்படிக் குழம்பாமல் இருக்கிறோம்? பக்கத்துச் சொல் காட்டிக்கொடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில். தமிழில் அதைவிட அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. மாவோடு ஒரு வல்லின எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள். மரமாக இருந்தால் நடுவில் மெல்லினம் வரும்: மாங்காய், மாந்தோப்பு, மாம்பழம். அரிசிமாவாக இருந்தால் அதே வல்லினம் இரட்டிக்கும்: மாக்கோலம். பெரியது என்றால் பெரும்பாலும் ஒன்றும் வராது: மாகடல், மாபெரும். க என்ற ஒரே எழுத்துதான். மாங்காய், மாக்கோலம், மாகடல் என்று மூன்று விதமாக ஒட்டி, எந்த மா என்று சொல்லிவிடுகிறது. தொல்காப்பியர் இதைக் கவனித்திருக்கிறார். மாமரத்துக்கு ஒரு புணர்ச்சி, விலங்கு மாவுக்கு வேறு புணர்ச்சி என்று விதி எழுதியிருக்கிறார்; உரைகாரர்கள் மரக்கிளைக்கு மாங்கோடு என்றும் விலங்கின் கொம்புக்கு மான்கோடு என்றும் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். சந்தி என்றாலே தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைக்க வந்த சங்கதி என்று நினைத்திருந்த எனக்கு, இது தெரிந்த அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சீனத்துக்குப் போவோம். அங்கே ஒட்டும் எழுத்து எதையும் காட்டிக்கொடுக்காது, ராகம்தான் காட்டிக்கொடுக்கும். நாம் 'ஆமா' என்பதை எத்தனை விதமாகச் சொல்கிறோம்! ஒப்புக்கொள்ள ஒரு ஆமா, "அப்படியா?" என்று கேட்க ஒரு ஆமா, "ஆமா, கிழிச்சே" என்று நக்கலடிக்க ஒரு ஆமா. குரல் ஏறி இறங்குவதில் நம் மனநிலை மாறுகிறது, சொல் மாறுவதில்லை. மாண்டரினில் சொல்லே மாறிவிடும். மேலே ஏற்றிய குரலை அப்படியே நிறுத்தி 'மா' என்றால் அம்மா. கேள்வி கேட்பதுபோல் கீழிருந்து மேலே இழுத்தால் சணல் வகைச் செடி, மரத்துப்போதலும் அதே. அடியில் தாழ்த்திச் சொன்னால் குதிரை. "போ!" என்று விரட்டுகிற மாதிரி மேலிருந்து வெட்டி இறக்கினால் திட்டுவது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாக்கியத்தின் வாலில் லேசாக ஒட்டவிட்டால் அது கேள்வி, நம் 'ஆ' போல: வந்தானா, போனானா.

ஆகவே, "மாமா மா மா மா?" என்று ஒரு வாக்கியம் அங்கே சாத்தியம். அம்மா குதிரையைத் திட்டுகிறாளா என்று பொருள். மாண்டரின் படிக்கப் போகிற எல்லாரையும் முதல் வாரத்திலேயே இப்படி ஒன்றைச் சொல்லி மிரட்டுவார்கள். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு மா நாக்கிலேயே பழக்கம்: சாப்பாட்டு நிலையங்களில் 'மாலா' என்று பலகை வைத்த கடைகளில் 'மா' நாக்கு மரத்துப்போவது, 'லா' காரம். மாலா என்ற பெயர் கொண்டவர்கள் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் வருவார்களா என்ன.

தாய்லாந்தில் பேசும் தாய் மொழியிலும் இப்படித்தான். சமக்குரலில் 'மா' வருவது, ஏற்றிச் சொன்னால் குதிரை, கீழிருந்து வளைத்து ஏற்றினால் நாய். குதிரை வருகிறது என்பதும் "மா மா", நாய் வருகிறது என்பதும் "மா மா". முதல் மாவின் ராகம் தப்பினால் குதிரைக்குப் பதில் நாய் வந்து நிற்கும். வியட்நாமிய மொழியில் ஆறு ராகம்: பேய், ஆனால், அம்மா, கல்லறை, குதிரை, நாற்று. இதில் கடைசியைப் பார்த்ததும் எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது. மீகாங் கழிமுகத்தில் மா என்பது வயலில் நடுகிற நாற்று. காவிரிக் கழிமுகத்தில் மா என்பது நாற்று நடுகிற வயல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, வெறும் தற்செயல். சித்தப்பாவின் குழுவில் மட்டும் யாரும் இதைப் போட்டுவிட வேண்டாம்.

ராகம் இல்லாத மொழிகளில் குறில் நெடில் வேலை செய்யும். எஸ்தோனிய மொழியில் குறுக்கிச் சொன்னால் 'நான்', நீட்டிச் சொன்னால் 'நிலம், நாடு'. அந்நாட்டின் பெரிய தீவான சாரேமாவின் பெயரில் உள்ள மா இதுதான். தீவு நிலம் என்று பொருள். பக்கத்து வீட்டுப் பின்னிஷ் மொழியிலும் நீட்டிய மா நிலம்தான். அது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகள்.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் பெரும்பாலும் எடுபிடி வேலைதான் பார்க்கிறது. இத்தாலியனில் 'ஆனால்'. ஹங்கேரியனில் 'இன்று'. பிரெஞ்சில் பெண்பால் பெயருக்கு முன்னால் வரும் 'என்'. அதுவும் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஒதுங்கிக்கொண்டு ஆண்பாலுக்குரிய 'மோன்' என்பதை அனுப்பிவைக்கும். போலிஷ் மொழியில் 'ஒருவரிடம் இருக்கிறது' என்ற பொருள். "ஆலா மா கொத்தா", ஆலாவிடம் பூனை இருக்கிறது என்பது அங்கே அரிச்சுவடி வாக்கியமாக எல்லாரும் அறிந்தது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது 'வேண்டாம்' சொல்லும் மா. சமஸ்கிருதத்தில் மா என்றால் 'செய்யாதே'. கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் வரும் 'மா சுச:' என்பது கவலைப்படாதே. பழைய கிரேக்கத்தில் இதே வேலையைச் செய்யும் 'மே' இதனுடைய அண்ணன் தம்பி. இரண்டும் ஒரே பழைய சொல்லிலிருந்து பிரிந்தவை. அரபியிலும் மா என்றால் 'இல்லை', அதே அரபியில் 'என்ன' என்பதும் மா. எபிரேயத்திலும் 'என்ன'வுக்கு மா. அரபியும் எபிரேயமும் உறவு மொழிகள், அதனால் அதில் வியப்பில்லை. இதே மாவை நீட்டிச் சொல்லி, முடிவில் தொண்டையை ஒரு கணம் அடைத்து நிறுத்தினால் அரபியில் தண்ணீர். பர்மிய மொழியிலும் திபெத்திய மொழியிலும் வினைக்கு முன்னால் ம சேர்த்தால் எதிர்மறை. அரபி, சமஸ்கிருதம், பர்மியம் என்று மூன்று தனித்தனிக் குடும்பங்கள் ஒரே ஒலியால் மறுக்கின்றன என்பதைப் பார்த்ததும் ஏதோ மர்மம் இருப்பதுபோலத் தோன்றும். தெலுங்கையும் பாரசீகத்தையும் பக்கத்தில் வையுங்கள், இன்னும் மயக்கும். தெலுங்கில் 'மா இல்லு' என்றால் எங்கள் வீடு (கேட்பவரையும் சேர்த்து நம் வீடு என்றால் 'மன இல்லு' ஆகிவிடும்). பாரசீகத்தில் மா என்றால் நாங்கள்.

மர்மம் இல்லை, வெறும் கணக்கு. ஒரு மொழியில் 20 மெய்யும் 5 உயிரும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெய்யும் உயிரும் சேர்ந்த எளிய அசைகள் 100தான் கிடைக்கும். நம்மிடமே உயிர்மெய் 216தான், அதிலும் சொல்லுக்கு முதலில் வராதவை பல. உலகில் சுமார் 7,000 மொழிகள். ஒவ்வொன்றும் 'நான்', 'இல்லை', 'என்ன', 'அம்மா' போன்ற அன்றாடச் சொற்களை முடிந்தவரை குட்டியாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. பையில் இருக்கும் குட்டி ஒலிகள் கொஞ்சம், வரிசையில் நிற்கும் பொருள்கள் ஏராளம். அதிலும் ம் என்பது உதட்டை மூடினாலே வருவது, ஆ என்பது வாயைத் திறந்தாலே வருவது. கிட்டத்தட்ட எல்லா மொழியிலும் இரண்டும் உண்டு. (வட அமெரிக்காவின் மோஹாக் மொழிக்கு ம் கிடையாது, உதட்டை மூடாமலே பேசிவிடுகிறார்கள்.) இத்தனைக்குப் பிறகு இரண்டு மொழிகள் எங்கும் மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குட்டிச் சொல் என்றில்லை, கொஞ்சம் நீண்ட சொல்லும் மோதும். ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் என்ற பூர்வகுடி மொழியில் நாய்க்குச் சொல் ஆங்கிலத்தின் 'டாக்' மாதிரியே இருந்தது. ஆங்கிலேயரிடமிருந்து வந்ததாக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அண்டை மொழிகளில் 'குடகா' என்ற சொல் இருக்கிறது. அதுதான் அந்த மொழிக்கே உரிய ஒலிமாற்றங்களால் தேய்ந்து இப்படி நின்றிருக்கிறது.

உறவா, கடனா, தற்செயலா என்று கண்டுபிடிக்க மொழியியலாளர்கள் செய்வது இதுதான்: இன்றைய உருவத்தை நம்பாமல் பின்னோக்கி நடப்பது. குதிரையை அப்படி நடத்திப் பார்ப்போம். சீனத்தின் 'மா' பழங்காலத்தில் நடுவில் ஒரு ரகரத்தோடு, 'ம்ரா' என்பதுபோல இருந்திருக்க வேண்டும் என்று மீட்டெடுத்திருக்கிறார்கள். மங்கோலியத்தில் குதிரை 'மோரி' என்பதை அதோடு வைத்து விவாதிக்கிறார்கள். தமிழ் மா பின்னால் போகப் போகக் குதிரையை விட்டு விலகிப் பொதுவாக விலங்கு என்ற பொருளுக்குப் போய்விடுகிறது. அதில் ரகரமும் இல்லை. உறவாக இருந்தால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன.

சித்தப்பாவுக்கு ஒரு ஆறுதல் உண்டு. தென்னிந்திய மா ஒன்று உண்மையிலேயே சீனா வரை போயிருக்கிறது. ஆனால் குதிரையாக இல்லை, பழமாக. நம் மாங்காயும் மலையாளத்து மாங்ஙாவும் கப்பலேறி மலாயில் மங்கா ஆயின, போர்ச்சுக்கீசில் மங்கா ஆயின, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயின. சீனத்தில் மாம்பழத்துக்கு 'மாங்குவோ' என்று பெயர். 'குவோ' அவர்கள் சொல், பழம் என்று பொருள். முன்னால் இருக்கும் 'மாங்' அந்தக் கப்பல் கொண்டுவந்து இறக்கியது. இது கடன். வழியில் எந்தெந்தத் துறைமுகத்தில் நின்றது என்றுகூடச் சொல்ல முடிகிறது என்பதுதான் இதற்கும் குதிரைக் கதைக்கும் உள்ள வித்தியாசம்.

அம்மா மட்டும் இந்த மூன்றிலும் அடங்காதவள். இந்தியில் மூக்கால் சொல்லும் மா, சீனத்தில் மா, வியட்நாமின் தெற்கில் மா, தமிழில் அம்மா. எல்லாரும் ஒரே இடத்தில் கடன் வாங்கினார்களா? ரோமன் யாகோப்சன் என்ற மொழியியலாளர் சொன்ன விளக்கம் பலருக்கும் ஏற்புடையது. பால் குடிக்கும் குழந்தையின் உதடு மூடியிருக்கிறது; மூக்கு வழியாக 'ம்ம்' என்று ஒரு முனகல்தான் வர முடியும். பிறகு பசித்தாலும் வேண்டும் என்றாலும் அந்த முனகலையே வாயைத் திறந்து 'மா' என்று விடுகிறது. தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்கிறாள். ஆக, சொல்லைக் குழந்தை கொடுக்கிறது, பொருளைப் பெரியவர்கள் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் இது புதிதாக நடக்கும். யாரும் யாரிடமும் வாங்க வேண்டியதில்லை.

பொருளைப் பெரியவர்கள்தான் வைக்கிறார்கள் என்பதற்கு ஜார்ஜியாவைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கே 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தேதா'. இந்தியாவிலிருந்து மருத்துவம் படிக்க நிறையப் பேர் திபிலிசிக்குப் போகிறார்கள். அங்கே விடுதி வராந்தாவில் நம் ஊர்ப் பையன் ஒருவன் "மாமா, பணம் போட்டீங்களா?" என்று போனில் கேட்டால், பக்கத்தில் நிற்கும் ஜார்ஜியன் இவன் அப்பாவிடம் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வான். வராந்தாவைக் கூட்டுபவர் ரஷ்யக்காரி என்றால், பாவம் பிள்ளை அம்மாவிடம் கேட்கிறான் என்பாள். அறையில் கூட இருப்பவன் இலங்கையின் காலி நகரிலிருந்து வந்த சிங்களப் பையனாக இருந்தால் மட்டும் குழப்பமே இருக்காது. குறுக்கி 'மம' என்றால் அவனுக்கு 'நான்'; நீட்டி மாமா என்றால், அவன் வீட்டிலும் மாமாதான்.